பிடியரிசி

போன தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி பார்த்துவிட்டுத் தருமசாலைப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். வருஷா வருஷம் பத்து மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்குகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. இலையில் சோறு விழுந்ததும் கண்ணை மூடி வள்ளலாரை நினைத்துவிட்டுத்தான் கை வைத்தார். நாலு கவளம் போனதும் சொன்னார்: "கவர்மெண்டு அரிசியைச் சும்மா போட்டுப் போட்டு ஜனங்களச் சோம்பேறி ஆக்கிடுச்சும்மா. நடவுக்கு ஆள் கிடைக்கல பாருங்க."

அவர் நல்ல மனிதர். ஆரவாரமில்லாமல் பத்து மூட்டை கொடுக்கிறவரைக் கெட்டவர் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. எங்கள் இரண்டு பேர் இலையிலும் ஒரே அண்டாச் சோறுதான் விழுந்தது. உழைத்தாயா, எந்த ஊர், என்ன சாதி என்று பரிமாறினவர் கேட்கவில்லை. கேட்காமல் போடுவதுதான் அந்த இடத்தின் மகிமை. அதே மாதிரி கேட்காமல் அரசாங்கம் போட்டால் மட்டும் மனுஷன் கெட்டுப்போவானா? ஒருவர் கொடுத்தால் புண்ணியம், ஊரே சேர்ந்து கொடுத்தால் பாழா? இந்தக் கேள்வியை அன்றிலிருந்து மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்து நாலு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். 1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கணவர் போய் ஒன்றரை வருஷம், கையில் ஒரு பெண் குழந்தை. என் போன்றவர்களுக்கு வேலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். வடலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் போட்டார்கள். ஓலைக் கொட்டகையில் மூன்று கல் வைத்த விறகடுப்பு, இரண்டு அண்டா, ஒரு இருப்புப் பதிவேடு. அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்கக் கண்ணெரிச்சலோடுதான் வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பதிவேட்டில் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் இருந்தது: பயனாளி. "இன்று உணவு உண்ட பயனாளிகள் 87" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ வருஷம் அந்த வார்த்தையை யோசிக்காமல் எழுதினேன்.

1985 வாக்கில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வரிசையில் கடைசியில் வந்து உட்காருவான். தட்டில் சோறு விழுந்ததும் குனிந்துவிடுவான், நிமிரவே மாட்டான். பாதி தின்றதும் மீதியைத் தட்டோடு சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடுவான். சோற்றை வெளியே விடக்கூடாது என்பது உத்தரவு. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு வயதுத் தங்கையை உட்காரவைத்துப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தட்டை நீட்டினான், எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல. திருடியவன் நீட்டுகிற மாதிரி. நான் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுமாறு சமையல் ஆயாவிடம் சொன்னேன். அதை அப்போது கருணை என்று நினைத்துக்கொண்டேன். கருணைதான். ஆனால் அவன் நிமிரவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை குனிந்தேதான் தின்றான்.

1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த நாள் வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளைகூட விடுபடாது. இரண்டு வருஷம் கழித்து ஒரு முட்டை நாளில் லோடு வரவில்லை. வெறும் சாம்பார் சாதம் போட்டோம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றாள். "டீச்சர், இன்னைக்கு முட்டை போடணும்ல? எங்க?"

சமையல் ஆயா சீறினாள்: "போடறதே பெருசு, இதுல கேள்வி வேறயா?" எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் அவள் யார் என்று உறைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அண்ணன் பிசைந்து ஊட்டியதைத் தின்ற குழந்தை. அதே வீடு, அதே வறுமை, அப்பா அதே குடிகாரர். நடுவில் ஆறு வருஷம். அண்ணன் சோற்றைப் பார்த்துத் தலை குனிந்தான். தங்கை முட்டையைக் காணோம் என்று தலை நிமிர்ந்தாள். அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. அவளுக்கு என்ன கிடைத்திருக்கிறது, அண்ணனுக்குக் கிடைக்காதது? சோறு இரண்டு பேருக்கும் கிடைத்தது. கேட்கலாம் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் புகார் அது. ஒன்பது நாள் கழித்து முட்டை வந்தது.

நான் வள்ளலார் வழியில் வளர்ந்தவள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; வள்ளலார் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். சின்ன வயதில் வாய் மட்டும் வாசித்தது. அந்த முட்டை நாளுக்குப் பிறகு மறுபடி எடுத்தபோது, எத்தனையோ தடவை கடந்துபோன ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ஓர் உயிர் துன்பப்படும்போது இன்னொரு உயிர் உருகுவதற்கு எது காரணம் என்று அவரே கேட்டு, அவரே பதில் சொல்கிறார். எல்லா உயிரும் ஒரே இடத்திலிருந்து வந்த உடன்பிறப்புகள். உடன்பிறந்தவன் வாடினால் உடன்பிறந்தவன் உருகுவான். அது பழைய ஆன்ம உரிமை என்கிறார். இரக்கத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அவர் கையாண்ட சொல் உரிமை.

நம் பேச்சிலும் அந்தச் சொல் கோர்ட்டு வாசலில் பிறந்ததில்லை. "உரிமையா வந்து சாப்புடு" என்கிறோம். தாய்மாமன் சீரில் குறை இருந்தால் "கேக்கற உரிமை எனக்கு இல்லியா" என்று சண்டை போடுகிறோம். உரியவர்கள் இருக்கிற இடத்தில்தான் உரிமை. பிச்சை கேட்பவன் குரல் தாழ்கிறது, உறவில் கேட்பவன் குரல் உயர்கிறது. அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றது அப்படித்தான். வீட்டில் அம்மாவிடம் கேட்கிற குரலில் அரசாங்கத்திடம் கேட்டாள்.

அரசாங்கம் உறவாகுமா? இங்கேதான் எனக்கும் பந்திப் பெரியவருக்கும் பிணக்கு. அவர் மனதில் கொடுப்பது என்றால் மனம் இளகிக் கொடுப்பது. அரசுக்கு ஏது மனம்? மனமில்லாத கொடை மனுஷனைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். இதற்கும் வள்ளலாரிடம் ஒரு வெளிச்சம் இருக்கிறது. பசி முன்வினைக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றால், பசித்தவனுக்குச் சோறு போடுவது கடவுள் கட்டளைக்கு விரோதமல்லவா என்று ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கிறார். நம் ஊரில் இன்றைக்கும் வேறு வார்த்தைகளில் கேட்கப்படுகிற கேள்விதான் அது. "அவன் விதி" என்பார்கள், இல்லையென்றால் "அவன் சோம்பேறி" என்பார்கள். அவர் பதிலுக்கு ஒரு சிறைச்சாலையைக் காட்டுகிறார். பெருங்குற்றம் செய்தவனைக்கூட அரசன் சிறையில் அடைத்தாலும் தன் சேவகர்களைக் கொண்டு ஆகாரம் கொடுக்கச் செய்கிறான். தண்டனை வேறு, பட்டினி வேறு. மணிமேகலை அமுதசுரபியோடு போய்ச் சோழ அரசனிடம் கேட்டு அறச்சாலையாக மாற்றியதும் ஒரு சிறைச்சாலையைத்தான். சிறையில் இருக்கிறவனுக்கே சோறு அரசன் கடமை என்றால், வேலியோரம் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு?

1867 மே 23-ஆம் தேதி தருமசாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அதில் எனக்கு இன்னொன்று தெரிகிறது. கருணை இன்று பொங்கும், நாளை அடங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. திதிக்கும் பிறந்தநாளுக்கும் வருகிற கருணையை நம்பிப் பசி காத்திருக்காது. அதனால் கருணையை மனசின் போக்கில் விடாமல் ஓர் ஏற்பாடாக்கினார். பார்வதிபுரத்து ஜனங்களிடம் நிலம் வாங்கி, அடுப்பு வெட்டி, அணையக்கூடாது என்று விதி வைத்தார். யாருக்கு மனம் இளகினாலும் இளகாவிட்டாலும் வேளைக்குச் சோறு உண்டு. அவர் ராஜாங்கம் நடத்தவில்லை. ஆனால் ஒரு ராஜாங்கம் செய்ய வேண்டியதை ஓர் அடுப்பின் அளவுக்குச் செய்துகாட்டிவிட்டார்.

அவர் 1874-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். இரண்டு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. எங்கள் ஆயா அவள் பாட்டி சொன்னதாகச் சொல்வாள்: எறும்புப் புற்றைக் கிளறி அதற்குள் இருக்கிற புல்லரிசியை எடுத்துத் தின்றார்களாம். அந்தப் பஞ்சத்தைப் பார்வையிட வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆறவேயில்லை. 1874-ல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கி ஜனங்களைச் சாகாமல் காத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டில்லை. அரசாங்கப் பணத்தை வீணடித்துவிட்டார், ஜனங்களைப் பழக்கிவிட்டார் என்ற திட்டு. அந்தத் திட்டை வாங்கிக்கொண்டவர் 1877-ல் இங்கே வந்தபோது வேறு ஆளாக வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்கக் கல்லுடைக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அது உடம்பு தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடினார். சில மாதம் கழித்துத்தான் அந்த அளவு கைவிடப்பட்டது. தென்னிந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

தராசு பிடித்தே காலம் கழித்தவள் நான். ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் ஒருவேளைச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்று நிறுத்துப் போட்டவள். நாள் முழுக்கக் கல்லுடைத்தவனுக்கு 450 கிராம் என்றால் அது எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும். அந்த ஆட்களைக் கொன்றது வானம் மட்டும் இல்லை. சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவான் என்ற எண்ணமும் கொன்றது. அதே வார்த்தையைத் தருமசாலைப் பந்தியில், வள்ளலார் மூட்டிய அடுப்பில் வெந்த சோற்றுக்கு முன்னால் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தனை சாவுக்குப் பிறகு 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது, 1883-ல் பஞ்ச விதிகள் வந்தன. பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பது அரசாங்கத்தின் வேலைதான் என்று காகிதத்தில் ஏறியது. காகிதம் மட்டும் போதாது என்பதற்கு 1943 வங்காளம் இருக்கிறது. போர்க்காலம் என்று சொல்லி அந்த விதிகளை எடுத்துப் பார்க்கவே இல்லை. சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம் ஆன பிறகும் அந்தக் கொடுமை வேறு உருவில் வந்தது. 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் மலையாகக் குவிந்து கிடக்க, அதே நாட்டில் ஜனங்கள் பட்டினியில் வாடினார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உயிர் வாழும் உரிமை என்று அரசியலமைப்பின் 21-வது பிரிவு சொல்வதில் சோறும் அடங்காதா என்பதுதான் வழக்கு. 2001 நவம்பர் 28-ல் நீதிமன்றம் உத்தரவு போட்டது: நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த சோறு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்துக்கு 200 நாளாவது. அதைப் பேப்பரில் வாசித்தபோது சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். நாங்கள் பத்தொன்பது வருஷமாகச் செய்துவந்ததை இந்தியா முழுக்கப் பிள்ளைகள் கேட்டு வாங்கலாம் என்று ஆகிவிட்டது. அதுவரை ஒரு ஆட்சி கொடுத்தால் இன்னொரு ஆட்சி நிறுத்திவிடுமோ என்ற பயம் எனக்குள் ஓரமாக இருந்துகொண்டேயிருந்தது. உத்தரவுக்குப் பிறகு, நிறுத்தினால் கேட்கலாம்.

2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நான் அதில் இரண்டு விஷயத்தைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ரேஷன் கார்டில் வீட்டின் மூத்த பெண்தான் குடும்பத் தலைவி. கொடுக்க வேண்டிய தானியத்தைக் கொடுக்கத் தவறினால் அரசு அதற்குப் பதில் பணம் கொடுக்க வேண்டும். அதாவது, கொடுக்காமல் போனால் கடன்பட்டவர் அரசு. சட்டத்தில் எழுதியது ஊரில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு. ஆனால் கடன் யாருடையது என்பது எழுதப்பட்டுவிட்டது.

சாதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மையத்துக்குக் காலனியிலிருந்து ஒரு பெண் சமையலராக வந்த வாரம், ஊர்த்தெருவிலிருந்து ஆறு பிள்ளைகள் சாப்பிட வரவில்லை. பெரியவர்கள் வந்து ஆளை மாற்றச் சொன்னார்கள். பழைய சத்திரங்களில் யாருக்கு உள்ளே இலை, யாருக்கு வெளியே இலை என்று கொடுத்தவர்தான் முடிவுசெய்தார், ஏனென்றால் அது அவர் சோறு. இது யார் வீட்டுச் சோறும் இல்லையே. அதனால்தான் என்னால் முடியாது என்று சொல்ல முடிந்தது. தனியார் அன்னதானத்தில் நான் வேலை பார்த்திருந்தால் அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது. மூன்று வாரத்தில் ஒவ்வொரு தட்டாகத் திரும்பி வந்தது. கடைசித் தட்டு வந்த அன்று அந்தச் சமையலர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே பரிமாறினாள்.

இவ்வளவு சொன்னதால் உரிமை என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா விரலைச் சொல்ல வேண்டும்.

அம்மா நடவுக்குப் போவாள். நடவில்லாத மாதங்களில் பண்ருட்டிப் பக்கத்து வியாபாரிகள் கொண்டுவந்து போடுகிற முந்திரிக்கொட்டையை உடைப்பாள். கொட்டைத் தோலில் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து வழவழவென்று ஆகிவிடும். முப்பது வருஷம் உடைத்தாள். ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்தபோது அவளுக்கு எண்பதுக்கு மேல். விரலை வைத்தாள், விழவில்லை. துடைத்து வைத்தாள். வேறு விரல். இன்னொரு விரல். பத்து விரலும் வைத்தாகிவிட்டது. "ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்படி மூன்று நாள். ரேகை விழாவிட்டால் வேறு வழிகள் உண்டு. அன்றைக்கு யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கடைக்காரத் தம்பி கெட்டவர் இல்லை, அவர் முகத்திலும் சங்கடம் இருந்தது. ஆனால் மிஷின் சொல்வதைத் தாண்டி ஒரு எட்டு வைக்க அவருக்குப் பயம்.

மூன்றாம் நாள் வெறும் பையோடு திண்ணையில் உட்கார்ந்து அம்மா கையை விரித்துப் பார்த்தாள். "கையில ரேகை தேஞ்சு போச்சு, சரி. வயித்துல பசியுமாடி தேஞ்சு போயிருக்கும்?"

அந்தக் கைகள் நட்ட நாற்று நெல்லாகி, கொள்முதல் நிலையத்துக்குப் போய், அரைபட்டு, மூட்டையாகித் திரும்பி வந்து அந்தக் கடையில் அடுக்கியிருக்கிறது. அதை வாங்க அந்தக் கைக்குத் தகுதியில்லை என்று ஒரு பெட்டி சொல்கிறது. உறவில் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன செய்வோம்? வீட்டு வாசலில் நின்று கத்துவோம். நான் போய்க் கத்தினேன். முட்டை கேட்ட அந்தப் பெண்ணிடம் கற்றது. தாலுகா அலுவலகம்வரை போனேன். அம்மாவுக்குப் பதில் நான் வாங்க ஒரு படிவம் இருந்தது, எழுதிக் கொடுத்தேன். அந்த மாத அரிசி தேதி இருபத்தெட்டில் வீடு வந்தது.

எங்கள் வீட்டில் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். நிறைந்ததும் துணியில் கட்டித் தருமசாலைக்குக் கொண்டுபோவாள். நெல் வாங்கிக் குத்திய காலத்திலும் போட்டாள். பஞ்சம்போல் இருந்த வருஷங்களிலும் போட்டாள், அப்போது பிடி சின்னதாகிவிடும், அவ்வளவுதான்.

அன்றைக்கு இருபத்தெட்டாம் தேதி, பையைப் பிரித்ததும் முதல் வேலையாகக் கலயத்தில் ஒரு பிடி போட்டாள். அலைந்த களைப்பில் எனக்கு எரிச்சல். "ஏம்மா, கவர்மெண்டு சும்மா குடுத்த அரிசி இது. இதைக் கொண்டுபோயி நீ தர்மம் பண்ணப்போறியா?" என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் சோறு போட்டவளா இதைக் கேட்கிறாள் என்பது போல.

"சும்மா குடுத்ததா? ஏண்டி, இது என் அரிசி" என்றாள். இன்னொரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள்.